நோன்பிருந்து பெருத்தவர்

வேளாங்கண்ணிக்கு மேற்கே நாலு மைலில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் ஒன்றில், பெரியநாயகசாமிக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது. ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப் போன நிலமல்ல. அப்பனும் பாட்டனும் அதே நிலத்தில் பண்ணையாளாய்க் குனிந்து நிமிர்ந்தவர்கள். பெரியநாயகசாமி மூட்டை தூக்கினார், ஆயில் இன்ஜின் வாங்கி வாடகைக்கு விட்டார், குத்தகைக்குச் சாகுபடி செய்தார், எண்பத்தொன்பதாம் வருஷம் பத்திர ஆபீசில் உட்கார்ந்து அந்த நிலத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கினார். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவர்தான். ஆனால் ஒரு நெல்மணியைக் கடித்துப் பார்த்து, ‘ஈரம் பதினேழு’ என்று அவர் சொன்னால், கொள்முதல் நிலையத்து மெஷினும் பதினேழுதான் காட்டும். இதில் பொய் கிடையாது. பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு அறுபத்து மூன்று வயதில் வலது முழங்கால் போய்விட்டது. வரப்பிலிருந்து வயலில் இறங்கினால் மேலே ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் ஓர் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்று மூட்டு வைத்தால் நடக்கலாம் என்றார். ஆனால் பெரியநாயகசாமியின் எடை அப்போது தொண்ணூற்றாறு கிலோ.

“எண்பதுக்குக் கீழ வாங்க. வந்துட்டா மட்டும் போதாது, ஆறு மாசம் அங்கேயே நில்லுங்க. அப்புறம்தான் கத்தி வைப்பேன்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கால் சரியாகவில்லை என்றால் அடுத்த சம்பாவுக்கு நிலத்தில் இறங்க ஆள் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். “வித்துட்டு இங்க வந்துருங்கப்பா” என்று மாதம் ஒருமுறை போனில் சொல்லுவான். தெற்கே மூன்று வயல் தள்ளி இறால் குட்டை வந்துவிட்டது. குட்டைக்காரர்கள் நல்ல விலை பேசி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் நெல் மறுபடி எந்தக் காலம் முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே விஷயம் சுருக்கமானது. எண்பது கிலோவுக்குக் கீழே நின்றால் நிலம் நிற்கும். இல்லையென்றால் இறால் நீந்தும்.

எண்பது கிலோ என்பதை அவர் தன் கணக்கில் எளிதாக்கிக்கொண்டார். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை நாற்பது கிலோ. ‘ரெண்டு மூட்டைக்குள்ள நான் இருக்கணும், அவ்வளவுதானே!’

எடை இறங்கியது. சும்மா இறங்கவில்லை, ஆறு மாதத்தில் பதினேழரைக் கிலோ இறங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுக்கும் ஆயிஷா என்ற பெண், நாகூர்ப் பக்கத்துப் பெண், அவர் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டாள். முன்பெல்லாம் நடுவில் சோறு மலைபோல இருக்கும், மீன் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். இப்போது மீன் நடுவில், கீரையும் காயும் இரண்டு பக்கம், சோறு ஒரே ஒரு கரண்டி ஓரத்தில். மத்தி, நெத்திலி, காரப்பொடி என்று சின்ன மீன்கள், மீன் இல்லாத நாளில் வாத்து முட்டை இரண்டு. வைகாசியில் ஆரம்பித்துக் கார்த்திகையில் எழுபத்தெட்டரை வந்து நின்றார். ஊரில் யாராலும் ஆகாத காரியம். அவர் செய்தார்.

அந்தச் சோற்றைக் குறைத்தது சின்ன விஷயம் இல்லை. அவர் பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோது, ரூபாய்க்குப் படி அரிசி என்று மேடையில் பேசியவர்கள் கோட்டைக்குப் போயிருந்தார்கள். இங்கே வயலில் கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டதற்கு ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. மூன்று வாரம் பண்ணையாட்கள் தெருவில் உலை கொதிக்கவில்லை. அப்போதுதான் அவர் மனசுக்குள் ஒரு சபதம் செய்தார். நான் தலையெடுத்தால் என் தட்டில் சோறு குவிந்து கிடக்கவேண்டும், பின்னால் இருக்கும் குழம்புச் சட்டி கண்ணுக்குத் தெரியக்கூடாது. நாற்பத்தைந்து வருஷம் அந்தச் சபதத்தை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் காப்பாற்றினார். முழங்காலுக்காகத்தான் அதை விட்டார்.

மாசி மாதம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பியவர், மனைவி அமலோற்பவத்திடம் சொன்னார்: “நாப்பது நாளும் கவிச்சி கிடையாது. மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன்.”

“கால் நல்லாவணும்னா?”

“பின்ன எதுக்கு? ஆபரேசன் ஈஸ்டர் முடிஞ்சு. அது வரைக்கும் மீனு, முட்டை, கறி எதுவும் வேணாம். புதனும் வெள்ளியும் ஒருசந்தி.”

ஒருசந்தி என்றால் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். பகலில் ஒரு வேளைதான் சோறு. ராத்திரி சோறு கிடையாது, பலகாரம் மட்டும். பலகாரத்தைச் சாப்பாடு என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலு இட்லி சாப்பிட்டவரைப் பார்த்து, ‘பாவம், ராத்திரி பட்டினி’ என்றுதான் சொல்லுவார்கள்.

பெரியநாயகசாமி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் போதாது என்று ஏழு நாளும் ராத்திரி பலகாரம் ஆக்கினார். இட்லி, இடியாப்பம், கோதுமை ரவை உப்புமா, வெள்ளிக்கிழமை கொழுக்கட்டை. காலையில் கஞ்சி. மத்தியானம் தட்டின் நடுவில் மீன் இல்லாத இடம் வெறிச்சென்று தெரிந்தது. அங்கே இரண்டு கரண்டி சோறு கூட விழுந்தது. நோன்பு நாளில் அதைக்கூடச் சாப்பிடக்கூடாதா? பத்து மணிக்கு வயிறு கிள்ளும். ஒரு குவளை கஞ்சி. நாலு மணிக்கு மறுபடி கிள்ளும், பொரியும் வெல்லமும். அரிசிப் பொரி காற்று மாதிரி, அதில் என்ன இருக்கிறது? பசி வரவரத் தன் தவம் பலிக்கிறது என்று அவர் நினைத்தார். ‘நோன்புன்னா பசிக்கத்தான் செய்யும். பசியைத் தாங்குறதுதான் நோன்பு’ என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிரசங்கம் வேறு நடந்தது.

மூன்று வாரம் கழித்து, கடைசி லோடு நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மூட்டையெல்லாம் எடை போட்டு முடிந்ததும், வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசில் ஏறி நின்றார். சுமை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி இராஜாங்கம் பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவுடா?”

இராஜாங்கம் எட்டிப் பார்த்தான். பீடியை வாயிலிருந்து எடுத்தான். “எம்பத்திரண்டு, சாமியண்ணே.”

“நல்லா பாரு.”

“எம்பத்திரண்டுதான். பொடி எழுத்துல பக்கத்துல ஒரு நூறு கிராம் வேற இருக்கு.”

“உன் தராசு கெட்டுப் போச்சுடா. மூணு வாரமா நோன்பிருக்கேன். நோன்பிருக்கிறவனுக்கு எடை ஏறுமா?”

சுற்றி நின்றவர்கள் கூடிவிட்டார்கள். இராஜாங்கம் தைத்து வைத்திருந்த மூட்டை ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தான். நாற்பதும் சாக்கு எடையும் காட்டியது. மேலே இன்னொரு மூட்டையை வைத்தான். அதுவும் சரியாகக் காட்டியது.

“தராசு சரியாத்தாண்ணே இருக்கு. நெல்லுக்கு ஒரு நியாயம், ஒங்களுக்கு ஒரு நியாயமா அதுக்குத் தெரியும்?”

“அண்ணே, ஒங்க மூட்டையில ஈரம் சாஸ்தியா இருக்கும், காயப்போட்டுக் கொண்டாங்க” என்றான் லாரிக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியநாயகசாமியும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே இறங்கவில்லை. இரண்டு மூட்டைக்கு மேல் இரண்டு கிலோ. மாதாவுக்காக வயிற்றைக் கட்டினோம், ஆபரேசன் கையை விட்டுப் போகப் போகிறதே என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

வீட்டில் அமலோற்பவத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவள் உடனே செல்போனை எடுத்து ஆயிஷாவைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டாள். அவர் பேப்பர் படிப்பது மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“என்னம்மா சாப்பிடுறாரு?”

அமலோற்பவம் வரிசையாகச் சொன்னாள். இட்லி, இடியாப்பம், கஞ்சி, பொரி, கொழுக்கட்டை. சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் மெதுவாகிக்கொண்டு வந்தது.

“இதுல எது சோறு இல்லைங்கறீங்க?” என்றாள் ஆயிஷா.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இட்லி சோறாம்மா?”

“ஐயா இருக்கீங்களா? இட்லி அரிசிதானே ஐயா. இடியாப்பம் அரிசி, பொரி அரிசி, கொழுக்கட்டை அரிசி. ஒரே ஆளு நாலு சட்டை மாத்திக்கிட்டு வர்றான், நீங்க நாலு பேருன்னு நெனச்சு உள்ள விட்டுட்டீங்க.”

“நான் நோன்பும்மா...”

“எங்க வீட்டுலயும் அதே கதைதான் ஐயா. எங்க வாப்பா மீரா உசேன், வருஷா வருஷம் ரமலான் முப்பது நாளும் நோன்பு பிடிச்சுட்டு, பெருநாளைக்குத் தைச்ச சட்டையில பட்டன் போட முடியாம நிப்பாரு. சாயங்காலம் கஞ்சி, இறால் வாடா, சமோசா. கேட்டா, நான்தான் நோன்பாச்சேன்னு சொல்லுவாரு.”

அமலோற்பவம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேப்பர் கீழே இறங்கியது.

“பசி எப்பெப்ப வருது ஐயா?”

“பத்து மணிக்கு. அப்புறம் நாலு மணிக்கு. ராத்திரி படுக்கறப்பவும் இருக்கு.”

“மீன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப?”

அவர் யோசித்தார். கார்த்திகை, மார்கழி மாதங்களில் காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போனால் மத்தியானம் வரை வயிற்றின் நினைப்பே வந்ததில்லை. “அப்ப வரலையேம்மா.”

“அதேதான். எடை குறைஞ்ச உடம்பு பழைய எடையத் தேடிக்கிட்டே இருக்கும். முன்ன விட சாஸ்தியாப் பசிக்கும். அந்த நேரத்துல மாவாச் சாப்பிட்டா சீக்கிரம் கரைஞ்சுபோயி மறுபடியும் கேக்கும். குறைக்கறது ஒரு வேலை, குறைச்ச இடத்துல நிக்கறது வேற வேலை ஐயா. நீங்க பட்ட பசி நோன்புப் பசி இல்ல, இட்லிப் பசி.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நோயாளிக்கு நோன்புல சலுகை உண்டுன்னு ஒங்க சாமியாரே சொல்லுவாரே. மீன் சாப்பிடுங்க.”

“அது மட்டும் ஆகாது. வாய் விட்டு நேர்ந்தது.”

“அப்ப வயல்ல இப்ப என்ன நிக்குது?”

அவர் பதில் சொல்லுமுன் அமலோற்பவம் சொன்னாள்: “பச்சைப்பயறும் உளுந்தும் காயா நிக்கிது பாப்பா. சம்பா அறுக்கறதுக்கு முந்தி விதை தெளிச்சது.”

“அத ஏன் சாப்பிடல?”

ஏன் சாப்பிடவில்லை? பயறு விற்கிற சரக்கு. வாயில் போடுகிற சரக்கு என்று அவர் வீட்டில் யாரும் நினைத்ததில்லை, எப்போதாவது ஒரு சுண்டல் தவிர.

அன்று சாயங்காலம் வயிறு கிள்ளியபோது பொரி டின்னைத் தொடாமல் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தார். பதினைந்து வயதின் அந்த மூன்று வாரம் நினைவுக்கு வந்தது. கூலி நெல் நின்றுபோனபோது அம்மா வயல் நண்டும் நத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்து, வாய்க்கால் கரைக் கீரையோடு சேர்த்து வேகவைத்துப் போட்டாள். சோறு இல்லை, சோறு இல்லை என்று அவர் அழுதிருக்கிறார். இப்போது நிதானமாக யோசித்துப் பார்த்தால், வயிற்றுக்காக அழுததாக ஞாபகம் இல்லை. நண்டு தின்ற ராத்திரிகளில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். பண்ணை வீட்டுப் பையன்கள் சோறு தின்கிறார்கள், நமக்கு நத்தையா என்கிற ரோஷம்தான் அழுதது. அந்த ரோஷம்தான் பிற்பாடு நாற்பத்தைந்து வருஷம் தட்டில் குவிந்து கிடந்தது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை வெகு நாள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை கஞ்சி நின்றது. ராத்திரி ஊறப்போட்ட போன வருஷத்துப் பச்சைப்பயறு ஒரு கிண்ணம், தயிர் ஒரு கிண்ணம். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, கூடவே பயற்றுக் கூட்டும் முருங்கைக்கீரையும். ராத்திரி உளுந்து அடை, அரிசி ஒரு கைப்பிடி மட்டும் சேர்த்து, இல்லாவிட்டால் கொண்டைக்கடலை. நாலு மணிக்கு வேர்க்கடலை ஒரு பிடி, மோர். மூன்று நாள் வயிறு ரகளை செய்தது. “இது என்னடி, மாட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கிற?” என்று சண்டை போட்டார்.

“மாடு நல்லாத்தான நடக்குது” என்றாள் அமலோற்பவம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை பயறுக் காய் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தவர், மாதா கோவில் மணி அடிப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டார். பன்னிரண்டு. பத்து மணி எப்போது போனது? பசி வந்து கூப்பிடவே இல்லை. ஒருசந்தி வெள்ளிகளில் மட்டும் இட்லி கேட்டார், அதுவும் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். பெரிய வெள்ளியன்று கோவில் வாசலில் எல்லாருக்கும் நோன்புக்கஞ்சி ஊற்றினார்கள். அவர் அரைக் குவளை வாங்கி நின்று குடித்தார். மாதாவுக்கு அதில் குறை இருக்காது என்று தோன்றியது.

ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் தஞ்சாவூர். டாக்டர் அறையில் எடை மெஷினில் ஏறினார். எண்பது கிலோ முந்நூறு.

“பொறுங்க டாக்டர்” என்று இறங்கினார். இடுப்பிலிருந்த பட்டைப் பச்சை பெல்ட்டை அவிழ்த்தார். அதற்குள் சில்லறை, சாவிக்கொத்து, செல்போன், சுண்ணாம்பு டப்பா. எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி ஏறினார். எழுபத்தொன்பது ஐந்நூறு. நர்ஸ் சிரித்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஆறு மாசம் இப்படியே நின்னீங்களா?”

அமலோற்பவம் அவர் முழங்கையை மெல்லக் கிள்ளினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரே சொல்லிக்கொண்டு போனார்: “ஏன் கேக்கறேன்னா, ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் பெரும்பாலும் உக்காந்துதான் இருப்பீங்க. வேலை இருக்காது, வர்றவங்க எல்லாம் தின்ன ஏதாவது கொண்டாருவாங்க. அப்ப எடை ஏறினா வைக்கிற மூட்டு தாங்காது. மூட்டு வைக்கறது என் கையில. அத வச்சுக் காப்பாத்தறது ஒங்க வயித்துல.”

பெரியநாயகசாமிக்கு நிலம் கண்முன் வந்தது. தெற்கே தெரியும் இறால் குட்டையின் தண்ணீர் மினுக்கமும் வந்தது. பொய் சொல்லி வைத்துக்கொண்ட மூட்டு வரப்பில் பாதியில் விட்டுவிட்டால் அப்புறம் யாரைக் கேட்பது?

“நிக்கல டாக்டர். நோன்புல எம்பத்திரண்டு போயிட்டேன்” என்றார்.

அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எப்படி?”

அவர் சொன்னார். நோன்பு, பலகாரம், பொரி, தராசில் வைத்துக் காட்டின மூட்டை, ஆயிஷா, பயறு. பத்து மணிப் பசி எதனால் வந்தது, எதனால் போனது என்று சொன்னார். நத்தையைப் பற்றியும் சொன்னார், அமலோற்பவத்துக்கே அன்றுதான் தெரியும். சொல்லி முடித்து, “மூணு மாசம் உக்காந்திருந்தாலும் எது என்னை ஏத்துதுன்னு எனக்கு இப்ப தெரியும் டாக்டர். அதுக்கு மேல ஒங்க இஷ்டம்” என்றார். கெஞ்சவில்லை. அவருக்குக் கெஞ்சத் தெரியாது.

டாக்டர் பேனாவை மேஜைமேல் இரண்டு தட்டு தட்டினார். “ஏறவே இல்லன்னு சொல்றவங்கள விட, ஏறி இறங்கினவரு தேவலாம்” என்று காலண்டரைத் திருப்பினார். “வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள். சம்பா நடவுக்குள்ள வரப்புல நடக்க விடுவேன். மூட்டை தூக்கக்கூடாது.”

“மூட்டை தூக்குறத விட்டு இருபத்தஞ்சு வருஷமாச்சு டாக்டர். இப்ப நாம தூக்கச் சொல்ற ஆளு” என்றார் பெரியநாயகசாமி.

வெளியே வந்ததும் அமலோற்பவம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். “மனுசன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீங்களா? எனக்கு உசுரே இல்ல.”

“அதான் தேதி குடுத்துட்டாருல்ல.”

நர்ஸ் சீட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே வந்தாள். என்ன மாத்திரை நிறுத்த வேண்டும், எந்த நேரம் வந்து சேர வேண்டும், யார் கூட இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். “முந்தின நாள் ராத்திரி ஒம்போது மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக்கூடாது ஐயா. வெறும் வயித்தோட வரணும். ஒம்போதுக்கு முன்னாடி லைட்டா ரெண்டு இட்லி சாப்பிட்டுக்குங்க.”

பெரியநாயகசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இட்லி வேணாம் தாயி, அதத் தின்னா ராவு முழுக்கப் பசியில புரண்டுக்கிட்டு கெடக்கணும். ஈஸ்டர்தான் முடிஞ்சிருச்சே, ரெண்டு வாத்து முட்டைன்னு எழுது.”

“அப்படியெல்லாம் எழுத முடியாது ஐயா.”

“அப்ப நீ இட்லின்னே எழுதிக்க” என்றார் அவர். “என்ன சாப்பிடணும்னு எனக்குத் தெரியும்.”